காயம் எங்கே?

1865 ஜூன் 9, வெள்ளிக்கிழமை பிற்பகல். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், சின்ன ஆறு ஒன்றின் மேலிருந்த பாலத்தில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை மேஸ்திரி அட்டவணையில் தப்பாகப் படித்துவிட்டார். தண்டவாளம் கழற்றிக் கிடந்த நேரத்தில் வண்டி வந்துவிட்டது. சிவப்புக் கொடியோடு நிறுத்தப்பட்டிருந்த ஆளும் நிற்கவேண்டிய தூரத்தில் ஏறக்குறையப் பாதியில்தான் நின்றிருந்தார். பெட்டிகள் ஆற்றுச் சேற்றில் விழுந்து நொறுங்கின. 10 பேர் இறந்தார்கள். 40 பேருக்கு அடிபட்டது.

முதல் வகுப்புப் பெட்டி ஒன்று மட்டும் விழாமல் பாலத்தின் ஓரத்தில் சாய்ந்து தொங்கியது. அதிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே வந்தவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். தன் தொப்பியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டுவந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். கையிலிருந்த பிராந்தியை வாயில் ஊற்றினார். அவர் தொட்டுக்கொண்டிருந்தபோதே சிலர் உயிர் பிரிந்தது. எல்லாம் முடிந்த பிறகு, எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையின் கையெழுத்துப் பிரதி பெட்டிக்குள்ளேயே இருப்பது ஞாபகம் வந்து, தொங்கும் பெட்டிக்குள் மறுபடி ஏறி அதை எடுத்துவந்தார்.

அவர் உடம்பில் சொல்லும்படியான காயம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு வாரம் குரலே எழும்பவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தால் நடுக்கம் வந்து பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகு ரயிலில் ஏறினால் இருக்கையின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, வண்டி சற்று ஆடினாலும் வெளிறிப்போவார். 1870இல், 58 வயதில், மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். தேதி ஜூன் 9. விபத்து நடந்து சரியாக ஐந்து வருடம்.

இந்த இடத்தில் கதை சொல்கிறவனுக்குக் கை பரபரக்கும். ‘அன்று பாலத்தில் பட்ட அடி ஐந்து வருடம் கழித்துக் கொன்றது’ என்று எழுதிவிடலாம். அறிவியல் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. டிக்கன்ஸுக்கு ஏற்கெனவே காலில் கீல்வாதத் தொல்லை உண்டு. நாடு நாடாகப் போய், மேடையில் நின்று, தன் கதைகளை நடித்துப் படித்துக் காட்டி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் அவர். விபத்தே நடக்காமல் இருந்திருந்தாலும் அதே வயதில் அப்படியே இறந்திருக்கலாம். ஒற்றை மனிதனின் சாவை வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. பிறகு எப்படித் தீர்மானிப்பது? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. அதற்குள் இந்த நோய் நீதிமன்றப் படியேறிவிட்டது.

ரயில் முதுகெலும்பு

டிக்கன்ஸைப் போல, விபத்திலிருந்து நடந்தே வெளியே வந்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டுக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் கழித்து முதுகு வலிக்கும். தூக்கம் வராது. கை நடுங்கும். கணக்கு எழுதுகிற குமாஸ்தாவுக்குக் கணக்கு மறந்துபோகும். நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவார்கள். ரயில்வே கம்பெனியின் வக்கீல் எழுந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காயம் எங்கே?

1866இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் ஒரு பதில் சொன்னார். மோதலின் அதிர்வில் தண்டுவடம் கண்ணுக்குத் தெரியாமல் கலங்கிப்போகிறது என்பது அவர் வாதம். காந்தத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அதன் காந்த சக்தி போய்விடுகிறது; எங்கே போனது என்று காட்ட முடியுமா? அதைப் போலத்தான் இதுவும் என்றார். இந்த நோய்க்கு ‘ரயில் முதுகெலும்பு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1883இல் ஹெர்பர்ட் பேஜ் அதை மறுத்தார். அவர் ரயில்வே கம்பெனியின் மருத்துவர் என்பதால் யார் பக்கம் பேசுவார் என்பதில் மர்மம் இல்லை. தண்டுவடம் கலங்கவே இல்லை, எல்லாம் பயத்தால் வந்தது என்றார். கம்பெனிக்குக் காசு மிச்சம் பிடிக்கப் போனவர், போகிற போக்கில் ஒரு பெரிய உண்மையைத் தொட்டுவிட்டார். எலும்பு முறியாமல், ரத்தம் சிந்தாமல், வெறும் பயம் மட்டுமே உடம்பை நோயாளியாக்க முடியும் என்பதை அவர் வாதமே ஒத்துக்கொள்கிறது அல்லவா?

ஜெர்மனியில் கதை தொழிற்சாலைக்குள் நுழைந்தது. பிஸ்மார்க் அரசு 1884இல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பெர்லின் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம், விபத்தில் சிக்கிய தொழிலாளர்களைப் பரிசோதித்து, 1889இல் ‘அதிர்ச்சி நரம்பு நோய்’ என்று ஒரு நூல் எழுதினார். அதே வருடம் இந்த நோய்க்கும் நஷ்ட ஈடு உண்டு என்று அரசுக் காப்பீட்டு அலுவலகம் தீர்ப்பளித்தது. எதிர்ப்பும் உடனே கிளம்பியது. இது நோயே இல்லை, பென்ஷன் ஆசை என்று மருத்துவர்களில் ஒரு சாராரே எழுதினார்கள். ‘பென்ஷன் நரம்பு நோய்’ என்று கேலிப் பெயரும் வைத்தார்கள். 1926இல் அந்தச் சலுகை பறிபோனது.

நடுவில் முதல் உலகப்போர் வந்து, குண்டு வெடிப்பில் நிலைகுலைந்த சிப்பாய்கள் மருத்துவமனைகளை நிரப்பினார்கள். பின்னால் வியட்நாம் போர். அங்கிருந்து திரும்பியவர்கள் போராடியதும் சேர்ந்துதான், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்’ என்ற பெயர் ஏறியது. சுருக்கமாக பி.டி.எஸ்.டி. அதனால் இன்றைக்கும் மனக்காயம் என்றால் நம் கண்முன் வருவது துப்பாக்கி ஏந்தியவன்தான். உண்மையில் முதல் நோயாளிகள் ரயிலில் போன குமாஸ்தாவும், இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளியும். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள்.

வயிற்றில் கரையும் புளி

தமிழில் பயம் மூளையில் குடியிருப்பதில்லை. வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஈரக்குலையை நடுங்க வைக்கிறது. நெஞ்சைப் பதற வைக்கிறது, நாக்கை வறள வைக்கிறது. நம் பாட்டிகள் உடற்கூறியல் படித்ததில்லை. ஆனாலும் இந்தப் பட்டியலில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம்.

சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி உரசிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி என்று நீங்கள் உணர்வதற்கு முன்பே, மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவத்தில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி மணியடித்துவிடுகிறது. நரம்பு வழியாகச் செய்தி பறக்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகம் பிடிக்கிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடுகிறது. செரிமானம் இப்போதைக்கு அவசரமில்லை என்பதால் குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. அந்தப் புளி கரைவது இப்போதுதான். எச்சில் வற்றுகிறது. காயம் பட்டால் ரத்தம் சீக்கிரம் உறைய வேண்டுமே என்று தட்டணுக்கள் பிசுபிசுப்பாகின்றன. கிருமி நுழைந்தால் பார்த்துக்கொள்ள வெள்ளணுக்கள் தயார் நிலைக்கு வருகின்றன. சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற இரண்டாவது ஹார்மோன் வந்து சேர்ந்து, இந்த அவசர நிலையை நடத்திக்கொடுத்து, பிறகு அதுவே மூளைக்குப் போய், ‘போதும், நிறுத்து’ என்று சொல்கிறது. ஹார்வர்டில் வால்டர் கேனன் இந்த ஏற்பாட்டின் முதல் பாதியை 1915இல் விளக்கி எழுதினார். எதிர்த்து நில், இல்லையென்றால் ஓடு என்பதற்கான தயாரிப்பு இது.

அருமையான ஏற்பாடு. ஆனால் இலவசம் இல்லை. இது உடம்பு தன்னிடமே வாங்கும் கைமாற்று. லாரி போனதும் படபடப்பு அடங்கி, வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டால் கடன் அடைந்துவிடும். லாரி தினமும் வந்தால்?

சந்தைக் கடைக்காரர்களுக்குத் தண்டல் தெரியும். காலையில் பணம் வாங்கி, தினமும் மாலையில் வந்து நிற்பவனிடம் கட்ட வேண்டும். ஒருநாள் தவறினாலும் பாக்கி ஏறும். 1993இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்கீவனும் எலியட் ஸ்டெல்லரும் உடம்பின் பாக்கிக் கணக்குக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஆபத்துக்கு ஏற்ப உடம்பு தன்னை மாற்றி மாற்றி அமைத்துக்கொள்வதால் சேரும் தேய்மானம் அது. ‘தகவமைப்புச் சுமை’ என்று சொல்லலாம். ஏறிய ரத்த அழுத்தம் இறங்க மறுப்பதும், வெளியே வந்த சர்க்கரை செலவாகாமல் நிற்பதும், கிருமியே இல்லாத இடத்தில் வெள்ளணுக்கள் காவல் நின்று ரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குவதும் இந்தச் சுமையின் பகுதிகள்.

மனக்காயத்தின் விசேஷம், லாரி மறுபடி வரவே வேண்டாம் என்பது. டீசல் வாசம் போதும். பிரேக் பிடிக்கும் சத்தம் போதும். நடந்து முடிந்த ஒன்று இப்போது நடப்பதுபோல மூளைக்குத் தோன்ற, அட்ரினலின் மறுபடி கொட்டுகிறது. ராத்திரி கனவில் ஒரு தவணை. தூக்கத்தில் இயல்பாக இறங்கவேண்டிய ரத்த அழுத்தம், தூக்கம் கலையும்போதெல்லாம் அந்த ஓய்வை இழக்கிறது.

இதில் ஆய்வாளர்களைக் குழப்பிய ஒரு முடிச்சு உண்டு. இவ்வளவு மன அழுத்தம் என்றால் கார்ட்டிசால் எக்கச்சக்கமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நியூயார்க்கில் ரேச்சல் யெஹுதா, போர்வீரர்களிடமும் நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்களிடமும் அளந்து பார்த்தபோது, பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் அது குறைவாக இருந்தது. விளக்கம் இப்படிப் போகிறது: ‘போதும், நிறுத்து’ என்ற செய்தியைக் கேட்கும் காது இவர்களுக்கு அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது, அதனால் கார்ட்டிசால் சீக்கிரமே நிறுத்தப்படுகிறது. ஆனால் உடம்பின் அழற்சியை அடக்குவதும் அதே கார்ட்டிசால்தான். அணைக்கிறவன் பாதியில் கிளம்பிவிட்டால் தணல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். பலரிடம் இப்படிக் கண்டாலும் எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூளையிலிருந்து இதயத்துக்கு இந்தத் தணல் எந்த வழியாகப் போகிறது? 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, வேறு காரணங்களுக்காக ஸ்கேன் எடுத்துக்கொண்ட 293 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. அமிக்டலா அதிகச் சுறுசுறுப்பாக இருந்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜையும் அதிகமாக வேலை செய்தது. தமனிகளில் அழற்சி கூடியிருந்தது. இவர்களுக்குத்தான் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதிகம் வந்தன. பயத்தின் மணியோசை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைவரை கேட்கிறது.

ஐம்பதாயிரம் நர்ஸ்கள்

வழி இருக்கிறது என்பது சரி. அந்த வழியில் உண்மையிலேயே நோய் போய்ச் சேர்கிறதா? டிக்கன்ஸ் ஒருவரை வைத்துச் சொல்ல முடியாததை எத்தனை பேரை வைத்துச் சொல்லலாம்?

1989இல் அமெரிக்காவில் 25 முதல் 42 வயதுக்குட்பட்ட, 1,16,000க்கும் மேற்பட்ட பெண் நர்ஸ்கள் ஒரு நீண்ட ஆய்வில் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கேள்வித்தாள் வரும். எடை எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா, ரத்த அழுத்தம் எப்படி, புதிதாக என்ன நோய் என்று நிரப்பி அனுப்ப வேண்டும். நர்ஸ்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. மருத்துவக் கேள்வி அவர்களுக்குப் புரியும், பதிலை நம்பலாம், தொடர்ந்து பதில் எழுதும் பொறுமையும் உண்டு. 2008இல் அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கூடுதலாக ஒரு கேள்வித்தாள் போனது. விபத்து, வன்முறை, பாலியல் தாக்குதல், நெருங்கியவரின் எதிர்பாராத மரணம் போன்றவற்றில் எது எப்போது நடந்தது, அதன் பிறகு கெட்ட கனவு, திடுக்கிடல், விலகி ஓடல் போன்ற அறிகுறிகள் எத்தனை இருந்தன என்று கேட்டது.

2015இல் முடிவு வந்தது. ஏறக்குறைய 50,000 பெண்கள், 20 வருடம். மனக்காயம் எதுவும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், மனக்காயமும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறிகுறிகளும் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு 60 சதவீதம் அதிகம். அதிர்ச்சி நடந்தது, ஆனால் அறிகுறி எதுவும் இல்லை என்று சொன்னவர்களுக்கும் 45 சதவீதம் அதிகம். ‘எனக்கு ஒண்ணும் ஆகலை, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னவர்களின் ரத்தக் குழாய்கள் வேறு விதமாகச் சொல்லியிருக்கின்றன.

சதவீதத்தைப் பார்த்து மிரள வேண்டாம். இவர்கள் ஓரளவு இளம் வயதுப் பெண்கள். 20 வருடத்தில் மொத்தமே சுமார் 550 பேருக்குத்தான் இந்த நோய்கள் வந்தன. அதாவது நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல். சின்ன எண் 60 சதவீதம் கூடினாலும் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். தனி ஆளுக்கு இது ஜாதகம் அல்ல. ஒரு சமூகத்தின் கணக்கில்தான் பெரிய தொகையாகிறது.

அதே நர்ஸ்களிடம் சர்க்கரை நோயைப் பார்த்தார்கள். அதிக அறிகுறி உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையையும் பார்த்தார்கள். என்னைப் பொறுத்தவரை மிகவும் யோசிக்க வைத்த முடிவு இதுதான். அறிகுறிகள் தொடங்குவதற்கு முன்பு இந்தப் பெண்களின் எடை மற்றவர்களைப் போலவே ஏறிக்கொண்டு போகிறது. அறிகுறி தொடங்கிய காலத்திலிருந்து கோடு செங்குத்தாகத் திரும்புகிறது. உடல் பருமன் உள்ளவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள் என்று காரணத்தைத் தலைகீழாக மாட்டிவிட முடியாது. எது முன், எது பின் என்பதை வரைபடமே காட்டிவிடுகிறது.

பரம்பரைதான் இரண்டுக்கும் காரணமாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் ஒரு பதில் உண்டு. வியட்நாம் காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டையர்களை வைத்து 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய நோய் வந்திருந்தது, இல்லாதவர்களில் 8.9 சதவீதம். ஒருவருக்கு மட்டும் பி.டி.எஸ்.டி. இருந்த ஜோடிகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும், அந்தச் சகோதரனுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரே கருப்பையில் வளர்ந்து, ஒரே வீட்டுச் சோற்றைத் தின்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஹார்மோன் மட்டுமே இதைச் செய்வதில்லை. நர்ஸ்களின் இதய நோய்க் கணக்கில் ஏறக்குறையப் பாதியைப் புகைபிடித்தல், எடை, உடற்பயிற்சி இல்லாமை, ரத்த அழுத்தம் ஆகியவை விளக்கிவிடுகின்றன. இதைக் கேட்டதும், ‘அப்போ சிகரெட்தானே காரணம்’ என்று தோன்றும். எதற்காகப் பிடிக்கிறார்கள்?

சான் டியேகோவில் உடல் எடைக் குறைப்பு மருத்துவமனை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டிக்கு 1980களில் வந்த குழப்பம் இங்கே உதவும். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போனார்கள். ஏன் என்று உட்கார்ந்து கேட்டபோது, பலருடைய பேச்சு சிறுவயதில் நடந்த பாலியல் வன்முறையில் போய் நின்றது. சிலருக்கு அந்தப் பருமன் ஒரு கவசமாக இருந்தது. அவர் ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்கள் தெருவோரத்து ஏழைகள் அல்லர்; காப்பீடு உள்ள, பெரும்பாலும் கல்லூரி வாசலை மிதித்த நடுத்தர வர்க்கத்தினர். அவர்களிலேயே பாதிக்கு மேல் சிறுவயதில் குறைந்தது ஒரு கொடுமையையாவது அனுபவித்திருந்தார்கள். கொடுமைகளின் எண்ணிக்கை கூடக்கூட, வளர்ந்த பிறகு வரும் இதய நோயும் நுரையீரல் நோயும் கல்லீரல் நோயும் படிப்படியாகக் கூடின. சிகரெட், குடி, சாப்பாடு என்று மருத்துவர் திட்டுகிற பழக்கங்கள், அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே மருந்தாக இருந்திருக்கின்றன. ‘குடிச்சாத்தான் சார் தூக்கம் வருது’ என்பவரிடம் குடியைப் பிடுங்குவதற்கு முன்னால் தூக்கம் ஏன் வரவில்லை என்று கேட்டாக வேண்டும்.

நாளைக்கும் அதே ஷிஃப்ட்

இத்தனை ஆய்விலும் சிப்பாயும் நர்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு வித்தியாசம் உண்டு. சிப்பாய்க்குப் போர் ஒருநாள் முடியும், ஊருக்குத் திரும்புவார். வேலைக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் பயம் பிறந்த இடமும் சோறு போடும் இடமும் ஒன்றுதான்.

ரயில் ஓட்டுகிற லோகோ பைலட்டை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விரைவு ரயில், அவசர பிரேக் போட்ட பிறகு நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆகும். தண்டவாளத்தில் ஒரு ஆள் தெரிந்தால் ஓட்டுநர் செய்யக்கூடியது இரண்டுதான். ஹாரன் அடிக்கலாம், பிரேக் போடலாம். ஸ்டியரிங் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டாலும் சத்தம் கேட்கும். இந்தியாவில் வருடந்தோறும் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளங்களில் உயிரிழக்கிறார்கள். அந்த ஒவ்வொரு சாவுக்கும் முன்வரிசையில் ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறார் என்பதை நாம் நினைப்பதில்லை. எதிர்த்து நிற்கவும் முடியாமல் தப்பி ஓடவும் முடியாமல் இருக்கையில் உட்கார்ந்தபடியே அட்ரினலினை வாங்கிக்கொண்டவர் அவர். மறுநாள் அதே தடத்தில், அதே வளைவில் வண்டியை எடுக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் இதே சிக்கலின் இன்னொரு முகம் தெரிந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கடலைப் பார்க்கவே பயந்தவர்களில் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்களே அதிகம். பயத்தைக் கிளப்பும் இடத்தை விட்டு விலகுவது பி.டி.எஸ்.டி.யின் ஓர் அறிகுறி என்று பாடநூல் சொல்கிறது. மீனவருக்கு விலகுவது என்றால் அடுப்பு அணைவது. 108 ஆம்புலன்ஸில் போகிறவர், தீயணைப்பு வீரர், பிணவறை ஊழியர், தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ், எல்லோருக்கும் இதே கணக்குத்தான். தண்டல்காரன் தினமும் வந்து நிற்கிறான். அவனுக்கு அவர்கள்தான் கதவைத் திறந்துவிட வேண்டும்.

2010இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, தொழில்சார் நோய்களின் பட்டியலைத் திருத்தியபோது பி.டி.எஸ்.டி.யை அதில் சேர்த்தது. எரிக்சன் காந்தத்தைக் காட்டி வாதாடி 144 வருடம் ஆகியிருந்தது.

கடன் அடையுமா?

அடையும். முதலில் ஒரு நல்ல செய்தி. பல நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது பேரதிர்ச்சியைச் சந்திப்பவர்கள் சுமார் 70 சதவீதம். அவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது 5.6 சதவீதம் பேருக்கு. மற்றவர்களைத் தூக்கமும் உறவும் காலமும் தேற்றிவிடுகின்றன. மனித மனம் நாம் நினைப்பதைவிட உறுதியானது.

அதனால்தான் அவசரப்பட்டுச் செய்யும் உதவி சில சமயம் உபத்திரவமாகிவிடுகிறது. விபத்து நடந்த சூட்டோடு எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு முறை பேச வைக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்கு நிலைமை மோசமாகியும் இருந்தது. முதல் சில நாளில் தேவைப்படுவது பாதுகாப்பான இடம், தூக்கம், தெரிந்த முகங்கள், சம்பளம் பிடிக்கமாட்டார்கள் என்ற நிச்சயம். பேச வேண்டும் என்று தோன்றினால் கேட்க ஓர் ஆள்.

வாரங்கள் கடந்தும் அறிகுறிகள் விடவில்லை என்றால் அப்போது முறையான சிகிச்சை வேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகரோடு உட்கார்ந்து, அந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்பச் சொல்லி, விலகி ஓடிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பிப் போகும் முறையை எட்னா ஃபோவா வகுத்தார். கண் அசைவைப் பயன்படுத்தும் முறை ஒன்றை ஃபிரான்சின் ஷாபிரோ உருவாக்கினார். இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. நடந்ததை மறக்க வைப்பது இவற்றின் வேலை அல்ல. சூடு ஆறாத நினைவைப் பழைய நினைவாக மாற்றுவதுதான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அது போல.

மனம் ஆறினால் உடம்பும் தேறுமா? 2019இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வில், அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 49 சதவீதம் குறைவாக இருந்தது. குணமானவர்கள் வேறு விதங்களிலும் கொடுத்துவைத்தவர்களாக இருந்திருக்கலாம் என்பதால், இதை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் திசை தெரிகிறது.

கடைசியாக, நம் ஊர் ஆஸ்பத்திரி வரிசைக்கு வருவோம். ஒருவர் நெஞ்சுப் படபடப்பு என்று வருகிறார். இ.சி.ஜி. எடுக்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள், வயிற்றுக்கு ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ‘உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா, டென்ஷன்தான்’ என்று முதுகில் தட்டி அனுப்புகிறார் மருத்துவர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் அது ரயில்வே வக்கீலின் பழைய கேள்விதான்: காயம் எங்கே? ஸ்கேனில் இடம் தெரியவில்லை என்றால் காயம் இல்லை.

நர்ஸ்களின் எடைக் கோட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்தக் காயத்தைக் காட்டிக்கொடுத்தது ஓர் உறுப்பு அல்ல, கோடு திரும்பிய காலம். தேதி மட்டும் பொருந்தினால் போதாது என்பதை டிக்கன்ஸின் ஜூன் 9 நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் ஐம்பதாயிரம் பேரும் இருபது வருடமும் தேவைப்பட்டன. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேச்சைத் தொடங்க அவ்வளவு தேவையில்லை. மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘எப்போலேர்ந்து இப்படி?’ என்று கேட்கலாம். வந்தவர் முதலில், ‘ரொம்ப நாளா இருக்கு சார்’ என்பார். மருத்துவர் அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் காத்திருந்தால், அந்த மனிதர் கொஞ்சம் யோசிப்பார். பிறகு ஏதோ ஒரு மாதத்தை, ஒரு கிழமையை, ஒரு நைட் ஷிஃப்டைச் சொல்வார்.